அடிபம்பு கேட்கும் கேள்விகள்

(பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு)

‘பொறியியல்’ என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனக்கண் முன் வந்து நிற்பவை எவை? விண்ணில் சீறிப் பாயும் ராக்கெட், கடலைக் கடக்கும் பாம்பன் பாலம், மலைபோல் எழுந்து நிற்கும் அணைக்கட்டு! தெருமுனையில் நிற்கும் அடிபம்பு நம்மில் யாருக்கேனும் நினைவுக்கு வருமா? எனக்கும் வந்திருக்காது. என் பெரியம்மாவின் மகள் சென்ற ஆண்டு இயந்திரப் பொறியியலில் பட்டம் பெற்று, கோயம்புத்தூரில் பம்பு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வடிவமைப்புப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தாள். விடுமுறைக்கு வந்தபோது, “ஒரு புதுப் பொறியாளருக்கு வரக்கூடிய சந்தேகங்கள் எல்லாவற்றுக்கும் விடை அந்த அடிபம்புக்குள் இருக்கிறது” என்றாள். அவள் சொல்லக் கேட்டவற்றையும், நான் கணக்குப் போட்டுப் பார்த்தவற்றையும் தோழியரோடு பகிர்ந்து கொள்ளவே இக்கட்டுரை.

நம் ஊர்களில் நாம் காணும் பெரும்பாலான அடிபம்புகளுக்கு ‘இந்தியா மார்க் II’ என்று பெயர். அது பிறந்த கதை ஒரு தோல்வியிலிருந்து தொடங்குகிறது. 1966–67இல் பீகாரிலும் பிற பகுதிகளிலும் கொடிய வறட்சி வந்தது. கிணறுகள் வற்றின. யுனிசெஃப் நிறுவனத்தின் உதவியோடு, கடினப் பாறையைத் துளைக்கும் இயந்திரங்கள் 1967 முதல் நம் நாட்டுக்கு வந்தன. ஊர் ஊராக ஆழ்துளைக் கிணறு தோண்டி, ஒவ்வொன்றின் மேலும் ஒரு வார்ப்பிரும்புப் பம்பை நிறுத்தினார்கள். தண்ணீர் வந்தது, மக்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் 1974இல் கணக்கெடுத்துப் பார்த்தபோது, நான்கில் மூன்று பம்புகள் ஓடாமல் நின்றிருந்தன! நிலத்தடியில் தண்ணீர் இருக்கிறது, துளை இருக்கிறது, மேலே பம்பும் இருக்கிறது. ஆனால் தாய்மார்கள் குடத்தைத் தூக்கிக் கொண்டு பழையபடி மைல் கணக்கில் நடக்கிறார்கள். இதைவிடக் கொடுமை உண்டா?

அந்தப் பழைய பம்புகள் மோசமானவை அல்ல என்று அக்கா சொன்னபோது எனக்கு வியப்பாக இருந்தது. அவை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒரு பண்ணை வீட்டுக்கென்று செய்யப்பட்ட பம்புகளைப் பார்த்துச் செய்தவை. ஒரு குடும்பம் காலையில் சிறிது நேரம், மாலையில் சிறிது நேரம் அடிக்கும். அதற்கு அவை போதும். இங்கோ விடியுமுன் தொடங்கி இருட்டும் வரை ஓர் ஊரே வரிசையில் நின்று அடித்தது. வார்ப்பிரும்பு அழுத்தத்தைத் தாங்கும். திடீர் அதிர்ச்சியைத் தாங்காது, பளிச்சென்று உடைந்துவிடும். அதை ஊர்ப் பட்டறையில் பற்றவைப்பதும் எளிதன்று. ஆகவே வடிவமைப்பாளர் முதலில் கேட்க வேண்டியது ‘இது வேலை செய்யுமா?’ என்பதன்று; ‘ஒரு நாளைக்கு எத்தனை தடவை, யார் கையில் வேலை செய்யும்?’ என்பதே என்றாள் அக்கா.

அந்தக் கேள்விக்கு விடை காண நான் ஒரு கணக்குப் போட்டேன். மார்க் II பம்பின் சிலிண்டர் 63.5 மில்லிமீட்டர் உள்விட்டம் உடையது. பிஸ்டன் ஒரு தடவை 12.5 சென்டிமீட்டர் மேலே ஏறும். நம் வகுப்பில் படித்த உருளையின் கனஅளவுச் சூத்திரத்தைப் போட்டால், ஓர் அடிக்கு ஏறத்தாழ 0.4 லிட்டர் தண்ணீர். நிமிடத்துக்கு 40 அடி அடித்தால் 16 லிட்டர், அதாவது ஒரு பெரிய குடம். இந்தப் பம்பு சுமார் 250 பேருக்கு ஒன்று என்ற கணக்கில் அமைக்கப்பட்டது. ஆளுக்கு 20 லிட்டர் வீதம் ஒரு நாளைக்கு 5,000 லிட்டர் எடுத்தால் 12,500 அடிகள். ஓர் ஆண்டுக்கு 45 லட்சத்துக்கும் மேல்! நான் இதை இரண்டு முறை சரிபார்த்தேன்.

இத்தனை லட்சம் அடி என்றால் உலோகத்துக்கு என்ன ஆகும்? கொண்டை ஊசி ஒன்றை எடுத்து ஒரு முறை வளையுங்கள், உடையாது. முன்னும் பின்னுமாக இருபது முறை வளைத்தால் முறிந்துவிடும். அதைப் போலவே, ஒரு தடவையில் எளிதாகத் தாங்கும் பளுவை லட்சக்கணக்கான தடவை ஏற்றி இறக்கினால் உலோகத்தில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு உண்டாகி, மெல்ல வளர்ந்து, ஒருநாள் பட்டென்று முறியும். இதற்கு ‘உலோக அயர்வு’ என்று பெயர். (எஃகுக்கும் அயர்ச்சி வருமாம்! தேர்வு நாட்களில் இதை நினைத்து ஆறுதல் கொள்ளலாம்.) வெடிப்பு எங்கே தொடங்கும் என்பதையும் அக்கா சொல்லித் தந்தாள். புதுத் துணியைக் கிழிக்க வேண்டுமானால் ஓரத்தில் ஒரு சிறு வெட்டு வைப்போம் அல்லவா? அந்த வெட்டின் முனையில் விசை முழுவதும் குவிகிறது. இயந்திர உறுப்பில் அந்த வெட்டின் வேலையைச் செய்பவை கூர்மையான மூலைகளும், போல்ட்டில் வெட்டிய மரைகளும், திடீரென்று பருமன் மாறும் இடங்களும். பம்பின் உள்ளே தொங்கும் கம்பிகள் நடுவில் முறிவதைவிட மரை வெட்டிய முனையில் முறிவதே அதிகம். கல்லூரியில் கம்பியின் பருமனைக் கணக்கிடக் கற்றுக் கொடுத்தார்களாம். மூலையைச் சற்று உருட்டிவிட வேண்டும் என்பதை வேலைக்கு வந்த பிறகுதான் நன்றாக உணர்ந்தாளாம்.

இனி, தண்ணீர் எப்படி மேலே வருகிறது என்று பார்ப்போம். உறிஞ்சுகுழலில் இளநீர் குடிப்பதுபோல் மேலிருந்து உறிஞ்சிவிட முடியாதா? முடியாது. காற்றின் அழுத்தம் தண்ணீரைச் சுமார் 10.3 மீட்டர் உயரத்துக்குத்தான் தள்ளும். நடைமுறையில் 7 மீட்டரே பெரிது. 30 மீட்டர், 40 மீட்டர் ஆழத்தில் நீர்மட்டம் இருந்தால் சிலிண்டரையே நீருக்குள் இறக்கி, அங்கிருந்து தூக்கித்தான் ஆக வேண்டும். நீர்மட்டம் 30 மீட்டர் ஆழத்தில் இருப்பதாகக் கொள்வோம். பிஸ்டனின் மேல் நிற்கும் நீரின் பளு ஏறத்தாழ 95 கிலோ. பிஸ்டனை இழுக்கும் 12 மில்லிமீட்டர் எஃகுக் கம்பிகளின் எடை இன்னும் 27 கிலோ. ஆக மொத்தம் 122 கிலோ! நம்மில் யாரால் தூக்க முடியும்?

இங்கேதான் நெம்புகோல் நம்மைக் காப்பாற்றுகிறது. மார்க் II கைப்பிடியின் நீண்ட பக்கம் குட்டைப் பக்கத்தைப்போல் எட்டு மடங்கு. எட்டால் வகுத்தால் 15 கிலோ அளவில் விசை போதும். இயற்கை தள்ளுபடி எதுவும் தருவதில்லை என்பதையும் கவனியுங்கள்: பிஸ்டன் 12.5 சென்டிமீட்டர் ஏற, நம் கை ஒரு மீட்டர் கீழே வர வேண்டும். கைப்பிடி ஏன் அவ்வளவு கனமாக இருக்கிறது, லேசான குழாயில் செய்யக் கூடாதா என்று நான் கேட்டேன். அந்தக் கனம் வேண்டுமென்றே வைத்தது. அது கம்பிகளின் எடைக்குத் தராசின் மறுதட்டுப்போல் நின்று, அடிப்பவரின் பளுவைக் குறைக்கிறது. எடையைக் குறைப்பதுதான் நல்ல வடிவமைப்பு என்று எண்ணியிருந்த எனக்கு இது புதிதாக இருந்தது.

என்னை மிகவும் கவர்ந்தது இனி வருவதுதான். வடிவியல் பாடத்தில் தொடுகோடு பற்றிப் படிக்கிறோம். ‘இதனால் யாருக்கு என்ன பயன்?’ என்று முணுமுணுத்தவர்கள் என் வகுப்பில் உண்டு; பெயர் சொல்ல மாட்டேன். கைப்பிடி ஓர் அச்சில் சுழல்கிறது. ஆகவே அதன் முனை நேராக ஏறி இறங்காது, வட்டவில்லில் நகரும். கம்பியை அந்த முனையில் நேரே மாட்டினால் என்ன ஆகும்? ஒவ்வோர் அடியிலும் கம்பி சற்று இடமும் வலமும் இழுபடும். குழாயில் உராயும், வழிகாட்டி தேயும், முனை முறியும். பழைய பம்புகளில் இதைச் சரிக்கட்ட இன்னும் சில மூட்டுகளைச் சேர்த்தார்கள். மூட்டு கூடக் கூடத் தேயும் இடமும் கூடியது.

மார்க் II இதற்குக் கண்ட வழி எளிது. கைப்பிடியின் முனையில் வட்டத்தின் ஒரு துண்டைப் போன்ற எஃகுத் தகட்டைப் பற்றவைத்து, அதன் வளைவின் மேல் சைக்கிள் சங்கிலியைப் போன்ற, ஆனால் அதைவிடத் தடித்த ஒரு சங்கிலியைப் படியவிட்டு, சங்கிலியின் நுனியில் கம்பியைத் தொங்கவிட்டார்கள். வில்லின் மையம் கைப்பிடியின் அச்சிலேயே இருக்கிறது. கைப்பிடி எப்படிச் சுழன்றாலும் சங்கிலி அந்த வட்டத்தின் தொடுகோடாகவே தொங்கும். அச்சிலிருந்து அது தொங்கும் தூரம் எப்போதும் ஆரத்துக்குச் சமம். ஆகவே கம்பி இம்மியும் பக்கவாட்டில் நகராமல், செங்குத்தாக ஏறி இறங்குகிறது. ஒரு தேற்றம் தெருவில் நின்று தண்ணீர் இறைக்கிறது!

ஆனால் சங்கிலிக்கு ஒரு குணம் உண்டு: இழுக்கும், தள்ளாது. பிஸ்டன் கீழே இறங்குவது கம்பிகளின் சொந்த எடையால்தான். ஆழமான கிணற்றில் கம்பி நீளம், எடை போதும். மெல்லிய கம்பியைத் தள்ளினால் அது வளையும் என்பதால், தள்ளாமல் விட்டதும் ஒருவகையில் நல்லதே. நீர்மட்டம் மேலேயே இருக்கும் ஊர்களிலோ கம்பி குட்டை. எடை போதாமல் சங்கிலி மடங்கிக் கொள்ளும். அங்கே வேறுவகைப் பம்புதான் ஏற்றது. வங்காளதேசத்தில் ‘தாரா’ என்ற பம்பில் நெம்புகோலே கிடையாது. கைப்பிடியை நேராகத் தூக்கி அழுத்துவார்கள். எல்லா ஊருக்கும் ஒரே விடை என்பது இல்லை.

இந்தச் சங்கிலிக் கருத்தும் ஒற்றை அச்சுக் கருத்தும் பெரிய ஆய்வுக்கூடத்தில் தோன்றவில்லை. மகாராஷ்டிரத்தில் ஜால்னா, சோலாப்பூர் போன்ற இடங்களில் கிறிஸ்தவ மிஷன்களின் கிணற்றுப் பணியில் இருந்தவர்கள், உடைந்த பம்புகளைப் பழுதுபார்த்துப் பார்த்துச் சலித்து, எஃகைப் பற்றவைத்துத் தாங்களே செய்துகொண்டவை அவை. அவற்றுள் சோலாப்பூர்ப் பம்பை அடிப்படையாகக் கொண்டு, 1970களின் நடுவில் யுனிசெஃப், சென்னையிலிருந்த இயந்திரப் பொறியியல் ஆய்வு மேம்பாட்டு நிறுவனம், ரிச்சர்ட்சன் அண்ட் க்ரூடாஸ் தொழிற்சாலை ஆகியவை சேர்ந்து மார்க் II பம்பை உருவாக்கின. மாதிரிப் பம்புகளை, நீர்மட்டம் மிக ஆழத்தில் இருந்த நம் கோயம்புத்தூர் வட்டாரத்தில் நிறுத்திச் சோதித்தார்கள். 1979இல் இதற்கென ஐ.எஸ். 9301 என்ற இந்தியத் தரநிர்ணயமும் வந்தது. காப்புரிமை என்று யாரும் பூட்டி வைக்கவில்லை. விரும்பிய தொழிற்சாலை வரைபடத்தை வாங்கிச் செய்யலாம்.

யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு தொழிற்சாலையில் செய்த கைப்பிடி வேறொரு தொழிற்சாலையில் செய்த தலைப்பெட்டிக்குள் பொருந்த வேண்டுமே! எந்த லேத்தும் சொன்ன அளவை மயிரிழை பிசகாமல் கடைந்து தராது. ஆகவே வரைபடத்தில் ‘இவ்வளவு’ என்று மட்டும் எழுதாமல், ‘இதற்கு மேலும் இவ்வளவு போகலாம், கீழும் இவ்வளவு போகலாம்’ என்று எழுத வேண்டும். அந்த இடைவெளியை மிகச் சிறிதாக வைத்தால் விலை ஏறும். பெரிதாக வைத்தால் ஒன்றோடொன்று ஆடும். அக்காவுக்கு முதல் மாதங்களில் தூக்கம் கெட்டது இதனால்தானாம். எல்லா அளவையும் மிக நுட்பமாகக் கேட்டு வரைந்துகொண்டு போனாளாம். மேலதிகாரி பார்த்துவிட்டு, “மழைத்தண்ணீர் விழாமல் மூடுகிற மூடிக்கு இவ்வளவு நுட்பம் எதற்கு? பேரிங் உட்காரும் துளைக்குக் கேள், கொடுக்கிறேன்” என்றாராம்.

அந்த பேரிங் கதையும் சொல்ல வேண்டும். பழைய பம்புகளில் அச்சு வெறும் துளைக்குள் சுழன்றது. அடிக்கடி எண்ணெய் விட வேண்டும். ஊர்ப் பொதுப் பம்புக்கு யார் எண்ணெய் விடுவார்கள்? எல்லாருடைய பொருளும் யாருடைய பொருளும் அன்று. எனவே மார்க் II பம்பின் அச்சில், மசகு உள்ளேயே அடைத்த இரண்டு பால்பேரிங்குகளை வைத்தார்கள். விலை அதிகம்தான். ஆனால் மனிதர்கள் மறப்பார்கள் என்பதையும் கணக்கில் சேர்த்துக் கொண்ட வடிவமைப்பு இது என்று எனக்குத் தோன்றுகிறது. சங்கிலிக்கு மட்டும் அவ்வப்போது கிரீஸ் தடவ வேண்டும். அதற்கு முன்மூடியைக் கழற்றினால் போதும். பம்பின் காலையும் மாற்றினார்கள். முன்பு துளைக்குழாயின் வாயிலேயே பம்பைப் பொருத்தியதால், அடிக்க அடிக்க அது ஆடி, கழிவுநீர் உள்ளே இறங்கியது. இப்போது கால் தனியாகக் கான்கிரீட்டில் புதைந்து நிற்கிறது.

வரைபடத்தில் அழகாக இருப்பது பட்டறையிலும் அழகாக இருக்கும் என்று நம்பக் கூடாது. அக்கா ஒரு தாங்கியை வடிவமைத்து, கம்ப்யூட்டரில் எல்லாப் பக்கமும் சுழற்றிப் பார்த்து, மனநிறைவோடு பட்டறைக்கு அனுப்பினாளாம். அங்கே முப்பது ஆண்டுகள் அனுபவம் உள்ள ஃபோர்மேன் ஒருவர் இருக்கிறார். படத்தை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, “ஏனுங்கம்மிணி, எல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க. இந்த நட்டை முடுக்க ஸ்பேனர் எந்தப் பக்கமா நுழையுமுங்க?” என்று கேட்டாராம். நட்டுக்கும் சுவருக்கும் நடுவே விரல்கூட நுழையாது! கம்ப்யூட்டரில் நட்டு தானாகவே போய் உட்கார்ந்துகொள்ளும். பட்டறையில் ஒரு மனிதரின் கை போக வேண்டும். அன்றிலிருந்து ஒவ்வொரு படத்திலும் ஸ்பேனரையும் சேர்த்து வரைந்து, திருப்பிப் பார்த்த பிறகே அனுப்புகிறாளாம்.

ஸ்பேனர் தொழிற்சாலையில் நுழைந்தால் போதுமா? பம்பு பழுதாகும் இடம் தொழிற்சாலை அன்று, கடைக்கோடிக் கிராமம். மார்க் II பம்பின் பெரிய குறை இங்கேதான் இருக்கிறது. தண்ணீர் ஏறிவரும் குழாயின் குறுக்களவு 32 மில்லிமீட்டர். அடியில் உள்ள பிஸ்டனோ 63.5 மில்லிமீட்டர். ஆகவே பிஸ்டனைக் குழாய் வழியாக மேலே எடுக்க வழியில்லை. ஒரு சிறு வாஷர் தேய்ந்துவிட்டால்கூட, 90 கிலோவுக்குக் குறையாத முப்பது மீட்டர்க் குழாயை முழுவதுமாக வெளியே தூக்க வேண்டும். அதற்கு முக்காலி வேண்டும், கருவிகள் வேண்டும், பயிற்சி பெற்ற ஆட்கள் வேண்டும், வண்டி வேண்டும். வண்டி வரும் வரை ஊர் தாகத்தோடு காத்திருக்க வேண்டும். சில ரூபாய் வாஷர் ஓர் ஊரையே நிறுத்தி வைக்கிறது!

1983 முதல் 1988 வரை கோயம்புத்தூரில் மறுபடியும் பெரிய சோதனை நடந்தது. அதிலிருந்து ‘மார்க் III’ வந்தது. இதில் குழாய் அகலமானது. மேலே மூடியைத் திறந்து, கம்பியோடு பிஸ்டனை மட்டும் உருவி எடுத்து, வாஷரை மாற்றி, திரும்ப இறக்கிவிடலாம். தோல் வாஷருக்குப் பதில், நீண்ட நாள் உழைக்கும் நைட்ரைல் ரப்பர் வாஷரும் வந்தது. அப்படியானால் எல்லாரும் மார்க் III பம்பையே வைக்க வேண்டியதுதானே? அகலக் குழாய் கனமானது, விலை கூடியது. பழுதுபார்ப்பது எளிதாயிற்று, வாங்குவதும் முதலில் இறக்குவதும் கடினமாயிற்று. ஒன்றைப் பெற ஒன்றை விட வேண்டியிருக்கிறது. இன்றும் இரண்டு வகையும் இருக்கின்றன. உகாண்டாவில் இவற்றைத் தழுவிச் செய்தவற்றை யு2, யு3 என்கிறார்கள்.

பழுதுபார்ப்பது ஆண்களின் வேலை என்று யாராவது சொன்னால், உத்தரப் பிரதேசத்தின் பாந்தா மாவட்டத்தைச் சொல்லுங்கள். 1990களில் அங்கே, எழுதப் படிக்கத் தெரியாத ஏழைப் பெண்கள் பலர் அடிபம்பைப் பழுதுபார்க்கப் பயிற்சி பெற்று, ஊர் ஊராகச் சென்று குழாயைக் கழற்றிப் பூட்டினார்கள். பம்பு நின்றால் நடக்கப் போவது தாங்கள்தான் என்பது அவர்களுக்குத் தெரியும். வடிவமைப்பு மேசையில் இப்படி ஒருவர் உட்கார்ந்திருந்தால் பழைய பம்புகள் அத்தனை நாள் நின்றிருக்குமா என்று நான் நினைத்துப் பார்க்கிறேன்.

இன்னும் தீராத சிக்கல் ஒன்று துரு. சில இடங்களில் நிலத்தடி நீர் சற்றுப் புளித்த தன்மை உடையது. வேதியியலில் சொல்வதானால், பி.எச். அளவு 6.5க்கும் கீழே. துத்தநாகம் பூசிய குழாயைக்கூட அது அரித்துவிடுகிறது. தண்ணீர் சிவக்கிறது, இரும்புச் சுவை அடிக்கிறது, வெள்ளைத் துணி பழுப்பாகிறது. பம்பு ஓடினாலும் மக்கள் அதைக் கைவிட்டு, பழைய குட்டைக்கே போய்விடுகிறார்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய் துருப்பிடிக்காது. விலை மலைக்க வைக்கும். பிளாஸ்டிக் குழாய் மலிவு, லேசு. ஆனால் தண்ணீரின் பளுவோடு முப்பது மீட்டர் தொங்கும்போது இணைப்பில் விட்டுப்போகும் அபாயம் உண்டு. மேலே எஃகு, கீழே பிளாஸ்டிக். இரண்டையும் இணைக்கும் அந்த ஒரு சாண் துண்டை வரையும் வேலையைத்தான் இப்போது அக்காவிடம் கொடுத்திருக்கிறார்கள். மூன்று படங்கள் திரும்பி வந்துவிட்டனவாம். நான்காவது, போன வாரம் ஃபோர்மேனின் மேசைக்குப் போயிருக்கிறது.